பால்ப்/சி மண்ணீரலில் என்கே1.1 தெரியவில்லை: பிகே136 ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

பேனல்_புதிர்:
பால்ப்/சி வம்ச மவுஸ் மண்ணீரலில் என்கே செல்களை (நேச்சுரல் கில்லர் எனும் நோயெதிர்ப்புச் செல்கள்) ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ண வேண்டும். பிஇ என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய, என்கே செல்லின் மேலுள்ள என்கே1.1 அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, குளோன் பிகே136. 10 லட்சம் செல்லுக்கு 0.5 மைக்ரோகிராம், 100 மைக்ரோலிட்டரில், 4 டிகிரியில் 30 நிமிடம். அதற்கு முன் 2.4ஜி2 ஆன்டிபாடி வைத்து எஃப்சி பிளாக் (ஆன்டிபாடியின் வால் பகுதி செல்லில் ஒட்டாமல் தடுப்பது) செய்தாயிற்று. சிடி3 நெகட்டிவ் கேட்டில் (டி செல்களை ஒதுக்கிய பகுதியில்) என்கே1.1 கூட்டமே இல்லை. 2 மைக்ரோகிராம் போட்டால் எல்லாமே லேசாக வலப்பக்கம் நகர்கிறது, தனியாக எதுவும் பிரிவதில்லை. காம்பன்சேஷன் பீடில் (சாயங்களின் ஒளிக் கலப்பைத் திருத்த, ஆன்டிபாடியைப் பிடிக்கும் சிறு மணி) மட்டும் பளிச்சென்று வருகிறது. புது வயல் வாங்கணுமா?

லேசர்_488:
வாங்காதீங்க. பீடில் பளிச்சென்று வந்தால் சாயம் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் எலியின் வம்சத்தில்.

பிகே136 பிடிப்பது சி57பிஎல்/6 எலியின் என்கேஆர்-பி1சி ரிசெப்டரை. இந்த மரபணுக் குடும்பம் 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது, வம்சத்துக்கு வம்சம் வரிசை மாறும். பால்ப்/சி வடிவத்தில் இந்த ஆன்டிபாடி ஒட்டாது. சி3எச், சிபிஏ, டிபிஏ/2, ஏகேஆர், என்ஓடி எல்லாவற்றிலும் இதே கதிதான். எஃப்விபி, என்இசட்பி எலிகளில் ஒட்டும். பால்ப்/சி, பி6 (அதாவது சி57பிஎல்/6) இரண்டும் கலந்த முதல் தலைமுறை எஃப்1 எலியிலும் வரும். எஸ்ஜேஎல், ஸ்விஸ் எலிகளில் ஒட்டுவது இன்னும் வில்லங்கம்: அங்கே அது பிடிப்பது என்கேஆர்-பி1பி, அதாவது செல்லை அடக்கும் ரிசெப்டர். பி6 எலியில் பிளேட்டில் பூசிய பிகே136 என்கே செல்லைத் தூண்டும். அந்த முடிவை அப்படியே இந்த எலிகளுக்குப் பொருத்த முடியாது.

பால்ப்/சிக்கு என்கே செல்லின் இன்னொரு அடையாளமான என்கேபி46 போடுங்க, குளோன் 29ஏ1.4. கூடவே சிடி49பி, குளோன் டிஎக்ஸ்5. அடுத்த முறை ஒரு பி6 மண்ணீரலையும் பக்கத்தில் வைத்து பிகே136 போட்டுப் பாருங்க, சந்தேகம் ஒரே குழாயில் தீரும்.

எஃப்எம்ஓ_பித்தன்:
அளவைக் கூட்டியதும் எல்லாம் நகர்ந்ததே, அதையும் சொல்லிவிடணும். பிகே136 மவுஸ் ஐஜிஜி2ஏ. எலியில் எடுத்த ஆன்டிபாடியை எலி செல்லிலேயே போடுகிறோம். ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்சி ரிசெப்டர்களில் 2.4ஜி2 சிடி16, சிடி32 இரண்டையும் மூடும், ஆனால் சிடி64ஐ மூடாது. மவுஸ் ஐஜிஜி2ஏ சிடி64இல் கெட்டியாக ஒட்டும். அதனால் மேக்ரோபேஜ், மோனோசைட் எல்லாம் பொய்யாக பாசிட்டிவ் காட்டும். பிளாக் கலவையில் 2% நார்மல் மவுஸ் சீரம் சேருங்க. சிடி19 (பி செல்), எஃப்4/80 (மேக்ரோபேஜ்) இரண்டையும் ஒரே சேனலில் போட்டு வெளியே தள்ளுங்க. செத்த செல்லும் எதையும் உறிஞ்சும். வயபிலிட்டி சாயத்தை சீரம் இல்லாத பிபிஎஸ்ஸில் முதலில் போட்டுவிட்டு, பிறகுதான் ஆன்டிபாடி.

இன்னொன்று: சாயம் ஒட்டாத பிகே136 போட்டு மேலே ஆன்டி-மவுஸ் ஐஜிஜி செகண்டரி போடும் வேலையே வேண்டாம். பி செல் மேலிருக்கும் இம்யூனோகுளோபுலின் முழுக்க எரியும். காம்பன்சேஷன் பீடும் மவுஸ் ஆன்டிபாடியைப் பிடிக்கிற வகையாக இருக்கணும். ராட், ஹாம்ஸ்டர் மட்டும் பிடிக்கும் பீடில் பிகே136 வெறுமையாகத்தான் வரும்.

பேனல்_புதிர்:
நன்றி. என்கேபி46 ஒன்றே போதாதா, டிஎக்ஸ்5 எதற்கு? பிறகு இதே எலியில் என்கே செல்களை நீக்கும் வேலையும் இருக்கிறது.

லேசர்_488:
மண்ணீரலுக்கு சிடி3 நெகட்டிவ், என்கேபி46 பாசிட்டிவ் என்று எடுத்தாலே பெரும்பாலும் போதும். கல்லீரலுக்குப் போனால் என்கே செல்லுக்கு நெருங்கிய உறவான ஐஎல்சி1 செல்களும் என்கேபி46 காட்டும், அவற்றில் டிஎக்ஸ்5 இருக்காது. அங்கேதான் இரண்டும் தேவை. டிஎக்ஸ்5 மட்டும் வைத்து எண்ணினால் பேசோஃபில் என்ற வெள்ளணு உள்ளே நுழையும். டிஎக்ஸ்5 ராட் ஐஜிஎம், ஐசோடைப் கன்ட்ரோல் (அதே வகையில் எதையும் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) வாங்கும்போது பார்த்து வாங்குங்க. என்கேடி செல் (டி செல்லில் ஒரு வகை) வேண்டுமென்றால் பால்ப்/சியில் சிடி1டி டெட்ராமர்தான் வழி.

நீக்கத்துக்கும் பிகே136 உதவாது, ஒட்டாத இடத்தில் எப்படிக் கொல்லும்? பால்ப்/சியில் வழக்கமாகப் போடுவது முயலில் எடுத்த ஆன்டி-அசியாலோ ஜிஎம்1. அது பேசோஃபிலையும் தூண்டப்பட்ட சில டி செல்லையும் சேர்த்தே தூக்கும், முடிவை எழுதும்போது அதைக் கணக்கில் எடுங்க.

எஃப்எம்ஓ_பித்தன்:
பி6 எலியில் நீக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிகே136 ஊசி போட்ட எலியில் நீக்கம் நடந்ததா என்று பிகே136 வைத்தே பார்க்கக் கூடாது. ஊசியில் போன ஆன்டிபாடி ரிசெப்டரை மறைத்திருக்கும், செல் உயிரோடு இருந்தாலும் நெகட்டிவாகத்தான் தெரியும். என்கேபி46 போட்டு எண்ணுங்க.