செயற்கைக்கோள் இருக்கும்போது தரையிலிருந்து ஓசோனை ஏன் இன்னும் அளக்கிறார்கள்?

நீலவானம் (கேள்வி):
பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஓசோன் பாடம் வந்தாலே, "அதுதான் மான்ட்ரியல் ஒப்பந்தத்தோடு சரியாகிவிட்டதே?" என்று யாராவது கேட்பார்கள். 1987 கையெழுத்து, ஓசோனை அழிக்கும் சிஎஃப்சி வாயுக்கள் நிறுத்தம், அன்டார்க்டிக்காவில் ஓசோன் 2066 வாக்கில் 1980 அளவுக்குத் திரும்பும் என்ற கணிப்பு, இதுவரை சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் எனக்கே சந்தேகம். செயற்கைக்கோள் தினமும் உலகத்தையே படம் பிடிக்கிறது. தரையில் நின்று ஓசோனை அளக்க 1920-களில் வடிவமைத்த டாப்சன் கருவியை இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள்? இன்னொன்று, அன்டார்க்டிக்காவுக்கு மேலே ஓசோன் மெலிந்துபோகும் 'ஓட்டை'யைக் காட்டிய தரவை நாசா கணினி குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டதாமே, உண்மையா?

பிட்டுபைட்டு:
பழக்கம்தான், வேறென்ன. 2017-இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் இருக்கும் டிரோபோமி கருவி ஒரே நாளில் பூமி முழுவதையும் அளந்துவிடுகிறது. வெயிலில் நின்று டயல் திருப்புவதெல்லாம் அருங்காட்சியக வேலை.

முள்பார்த்தவன்:
அந்த அருங்காட்சியக வேலையைத்தான் பணி ஓய்வு வரை பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாப்சன் கருவி சூரிய ஒளியில் இரண்டு புறஊதா அலைநீளங்களைப் பிரித்து எடுக்கிறது. உதாரணமாக 305.5 நானோமீட்டர் ஒன்று, 325.4 இன்னொன்று. முதலாவதை ஓசோன் நன்றாக விழுங்கும், இரண்டாவதை அவ்வளவாகத் தொடாது. இரண்டின் விகிதம் தெரிந்தால் தலைக்கு மேல் எவ்வளவு ஓசோன் என்று கணக்குப் போட்டுவிடலாம். விகிதம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கண்ணாடியில் தூசி படிந்தாலும் மெல்லிய மேகம் குறுக்கே வந்தாலும் இரண்டு அலைநீளமும் ஏறக்குறைய சேர்ந்தே மங்கும், விகிதம் பெரிதாகக் கெடாது.

மற்றபடி சலிப்பான வேலைதான். வெப்பநிலை பார்த்து க்யூ லீவரை வைக்க வேண்டும், ஆர் டயலைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும், உள்ளே ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல் மாற்ற வேண்டும். சூரியன் தாழ்வாக இருந்தால் முள் அடங்கவே அடங்காது. வருகிற எண்ணோ 300 டாப்சன் அலகு மாதிரி ஏதோ ஒன்று. அதாவது தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரையழுத்தத்தில் பூஜ்யம் டிகிரியில் வைத்தால் 3 மில்லிமீட்டர் கனம். இதற்கா இவ்வளவு பாடு என்று புதிதாக வந்த பையன்கள் கேட்பார்கள்.

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். அது மேலே போனபின் யாரும் ஸ்க்ரூடிரைவரோடு பின்னால் போக முடியாது. 1978-இல் போன நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் சூரிய ஒளியை வாங்கிச் சிதறடிக்கும் தகடு ஒன்று உண்டு. புறஊதா ஒளி பட்டுப் பட்டே அது மங்கியது. அந்த மங்கலைச் சரியாகக் கழிக்காததால், உலகம் முழுக்க ஓசோன் தாறுமாறாகக் குறைவதுபோல ஒரு கணக்கு வந்தது. 1988-இல் சர்வதேச நிபுணர் குழு தரை நிலையங்களின் டாப்சன் அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் அதைத் திருத்தியது. குறைவு நிஜம், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பிட்டுபைட்டு தம்பி, டிரோபோமி அளவு சரிதானா என்று பார்ப்பதற்கும் தரை நிலையங்களின் எண்கள்தான் வேண்டும்.

எங்கள் கருவியை யார் சோதிப்பது என்று கேட்பீர்கள். உலகத்துக்கே மூல அளவுகோலாக 83-ஆம் எண் டாப்சன் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவிடம் இருக்கிறது. அதை ஹவாயின் மௌனா லோவா மலைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பார்கள். மற்ற கருவிகள் நேராகவோ வட்டார அளவுகோல் வழியாகவோ அதனோடு பக்கத்தில் நின்று ஒப்பிடப்படும்.

நாசா கதை பாதிதான் உண்மை. செயற்கைக்கோளிலிருந்து 180 அலகுக்குக் கீழே வந்த எண்களை மென்பொருள் சந்தேகக் குறி போட்டு ஒதுக்கியது, அழிக்கவில்லை. அங்கிருந்தவர்கள் குறி போட்டதைப் பார்த்தார்கள், தென்துருவ நிலையத்து டாப்சனோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அது 300 என்றது. தவறு அந்தத் தரை அளவில்தான்! இதைச் சொல்ல எங்கள் ஆட்கள் கூச்சப்படுவார்கள். அன்டார்க்டிக்காவில் உள்ள பிரிட்டனின் ஹாலி பே நிலையத்து அளவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் அவசரப்படவில்லை. பழைய கருவிக்குப் பதில் வேறொன்றை வைத்தார்கள், அதுவும் அதே குறைவைக் காட்டியது. 1985 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 1950-களின் கடைசியிலிருந்து ஒரே இடத்தில் விடாமல் அளந்த வரிசை கையில் இருந்ததால்தான், அக்டோபரில் குறைவது புதிது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது.

வாயுக்கணக்கு:
பெரியவர் ஓசோனைச் சொன்னார், நான் அதைத் தின்னும் வாயுவைச் சொல்கிறேன். சிஎஃப்சி வாயுக்களில் ஒன்றான சிஎஃப்சி-11-இன் உற்பத்தி 2010-க்குள் உலகமெங்கும் நின்றிருக்க வேண்டும். ஆனால் 2012-க்குப் பிறகு காற்றில் அது குறையும் வேகம் பாதியாகிவிட்டது என்று 2018-இல் ஆய்வாளர் மோன்ட்ஸ்காவும் கூட்டாளிகளும் எழுதினார்கள். எந்த நாடும் உற்பத்தி செய்வதாகக் கணக்குக் காட்டவில்லை. அடுத்த ஆண்டே தென்கொரியாவின் கோசன் நிலையமும் ஜப்பானின் ஹதெருமா தீவு நிலையமும் எடுத்த அளவுகளைக் காற்றோட்டக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோது, கூடுதல் கசிவில் ஏறக்குறைய பாதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவது தெரிந்தது. நுரைப்பஞ்சு தயாரிப்புக்கென்று பார்க்கிறார்கள். 2019-க்குள் கசிவு மீண்டும் இறங்கிவிட்டது. ஒப்பந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு உறுத்துவது, கொரியா, ஜப்பான் பக்கம் நிலையம் இருந்ததால் பிடித்தோம் என்பதுதான். உலகின் பெரும்பகுதியில் இப்படிக் காற்றை முகர்ந்து பார்க்க நிலையமே கிடையாது.

பிட்டுபைட்டு:
சரி, தகடு மங்கிய விஷயம் எனக்குப் புதிது. அருங்காட்சியகம் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீலவானம்:
இருவருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று: 2020 முதல் 2023 வரை ஓட்டை பெரிதாக இருந்ததே, அப்படியானால் குணமாகவில்லை என்றுதானே மாணவர்கள் கேட்பார்கள்?

முள்பார்த்தவன்:
கேட்கட்டும், நல்ல கேள்வி. சிஎஃப்சி-11 காற்றில் ஏறக்குறைய 50 ஆண்டு தங்கும், ஆகவே அதுபோன்ற வாயுக்களிலிருந்து பிரியும் குளோரின் இன்னும் மேலே ஏராளம். அது எவ்வளவு ஓசோனைத் தின்னும் என்பது அந்த ஆண்டு துருவச் சுழலில் (துருவத்துக்கு மேலே சுற்றும் குளிர்காற்றில்) எவ்வளவு குளிர், குளோரினைத் தூண்டிவிடும் படிகமேகம் எவ்வளவு உருவானது என்பதைப் பொறுத்தது. 2019-இல் மேல்வளிமண்டலம் திடீரெனச் சூடேறியதால் ஓட்டை மிகச் சிறியதாக இருந்தது. அப்போது "குணமாகிவிட்டது" என்றவர்களும் தப்பு, அடுத்த ஆண்டு "மோசமாகிவிட்டது" என்றவர்களும் தப்பு.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். டொராண்டோவில் உள்ள உலக ஓசோன் தரவு மையத்தில் ஹாலி நிலையத்து எண்கள் இலவசமாகக் கிடைக்கும். அக்டோபரோடு செப்டம்பரையும் தனியாக வரையச் சொல்லுங்கள். வளிமண்டல ஆய்வாளர் சூசன் சாலமன் குழு 2016-இல் மீட்சியின் அறிகுறியைச் செப்டம்பரில்தான் தெளிவாகக் காட்டியது. அக்டோபரில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் அதிகம், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.