மலைக் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் முடுக்கித் திட்டம்: அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளிடமிருந்து எதைக் கற்கலாம்?

கேள்வி: பந்தலூர் வணிகவியல்

நீலகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக வணிகவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அவரவர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பணியர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள், அரை ஏக்கர் தேயிலையை நம்பி வாழ்வோரின் பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் உண்டு.

சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஒரு செயலியை எழுதிக் காட்டினாள். பச்சைத் தேயிலையை எடை போடும்போது கழிவு என்று எத்தனை கிலோ பிடிக்கிறார்கள் என்பதை விவசாயி தன் கைப்பேசியிலேயே பதிந்துவைத்து, மாத இறுதியில் ஆலை தரும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு சாக்குக்கும் எவ்வளவு கழிந்தது என்று அவளுடைய தந்தை பள்ளி நோட்டில் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கத்திலிருந்து பிறந்த யோசனை அது. தேர்வு முடிந்த மறுவாரமே அவள் திருப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு மாதாமாதம் பணம் வேண்டும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் திரட்டித் தரவும், இத்தகைய பிள்ளைகளுக்கு மூன்று மாத ஆக்சிலரேட்டர் (புதிய தொழில்களுக்குப் பயிற்சியும் தொடக்கப் பணமும் தரும் முடுக்கித் திட்டம்) ஒன்றை நடத்தவும் முன்வந்துள்ளனர். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரிகளின் பட்டதாரிகளுக்கு இப்படிப்பட்ட திட்டங்கள் இருப்பதாக அறிகிறேன். அங்கே உண்மையில் உதவியது எது, நாங்கள் தவிர்க்க வேண்டியது எது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: கோத்தகிரி–அட்லாண்டா

ஐயா, வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கத்தில் பிறந்து, இப்போது அட்லாண்டாவில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் ஆகிய இரண்டு கறுப்பினக் கல்லூரிகளும் இந்த ஊரில்தான் உள்ளன. இங்குள்ள ஒரு திட்டத்தில் மாலை நேரங்களில் இளம் தொழில்முனைவோருக்கு வழிகாட்டியாக இருந்து வருகிறேன்.

1837இல் தொடங்கிய பென்சில்வேனியாவின் செய்னியே இந்தக் கல்லூரிகளில் மூத்தது. 1964க்கு முன் கறுப்பின மக்களின் கல்விக்காகவே நிறுவப்பட்டவற்றுக்கு 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் தனி வரையறை தந்தது. இன்று ஏறத்தாழ நூறு இருக்கின்றன. அறிவில் இந்த மாணவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இவர்கள் தடுக்கி விழும் இடம் முதல் பணம். இங்கே ஒரு ஸ்டார்ட்அப்பின் முதல் பணம் பெரும்பாலும் அப்பா, மாமா, நண்பர்களிடமிருந்து வருகிறது, அல்லது வீட்டை அடமானம் வைத்து வருகிறது. அமெரிக்க மைய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். 1930களில் அரசு வரைபடங்களே கறுப்பினக் குடியிருப்புகளைச் சிவப்பு நிறமிட்டுக் கடனுக்குத் தகாதவை என்று ஒதுக்கியதன் விளைவும் இதில் உண்டு. முதல் பணமே இல்லாதபோது அடுத்த கட்ட முதலீடும் எட்டாமல் போகிறது. முதலீட்டுத் தரவு நிறுவனமான கிரன்ச்பேஸின் கணக்குப்படி, 2023இல் அமெரிக்கப் புத்தொழில்களுக்குக் கிடைத்த துணிகர முதலீட்டில் கறுப்பின நிறுவனர்களுக்குச் சென்றது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை.

ஆகவே, திட்டங்களை ஒப்பிடும்போது பணம் எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதையே முதலில் பாருங்கள். ஒய் காம்பினேட்டர் போன்ற பெரிய ஆக்சிலரேட்டர் 1,25,000 டாலர் தந்து நிறுவனத்தில் 7 விழுக்காடு பங்கை எடுத்துக்கொள்கிறது. கூகுள் 2020இல் தொடங்கிய கறுப்பின நிறுவனர் நிதியோ பங்கு எதுவும் கேட்காமல் ஒரு லட்சம் டாலர் வரை தந்தது. பங்கு கேட்காத பணம், முதல் ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவைத் தாங்கும் பணம், இவை இரண்டும் கிடைத்தவர்களே கடைசிவரை நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஹாவர்டு பல்கலைக்கழகப் பட்டதாரியான ஜூவல் பர்க்ஸ் சாலமன், உதிரிபாகங்களை விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தங்களுக்கு வேண்டிய பாகத்தின் பெயர் தெரியாமல் வாடிக்கையாளர்கள் தவிப்பதைக் கண்டு, படம் எடுத்தாலே அந்தப் பாகம் எதுவென்று சொல்லும் பார்ட்பிக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2016இல் அமேசான் அதை வாங்கியது. அவர் அத்துடன் நிற்காமல், பிறகு அட்லாண்டாவிலேயே கறுப்பின நிறுவனர்களுக்கான முதலீட்டு நிதியம் ஒன்றைப் பிறரோடு சேர்ந்து தொடங்கினார். உங்கள் மாணவியின் தந்தை வைத்திருக்கும் நோட்டு எனக்கு இதைத்தான் நினைவூட்டியது.

மற்றொன்று: மாணவரைத் தேடிப் போங்கள். அலபாமாவின் டஸ்கீகி கல்லூரி 1906இலேயே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் முயற்சியால் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி உழவர்களின் வயலுக்கே அனுப்பியது.

மறுமொழி 2: மலைத்தேன்

மேலே சொன்ன கடைசிக் கருத்தை நானும் வலியுறுத்த விரும்புகிறேன். காட்டுத்தேனும் மிளகும் விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சமவெளி நகரம் ஒன்றில் நடந்த ஆக்சிலரேட்டருக்குத் தேர்வானேன். வாரத்தில் மூன்று நாள் நேரில் வர வேண்டும் என்பது விதி. விடியுமுன் கிளம்பும் முதல் பேருந்தைப் பிடித்தால் பத்து மணி வகுப்புக்குப் போய்விடலாம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைய நாள் போயிற்று. வருகைக் குறைவு என்று காரணம் காட்டி, கடைசி நாளில் முதலீட்டாளர் முன் பேசும் வாய்ப்பை எனக்குத் தரவில்லை.

எனக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறு. மழைக்காலத்தில் எடுத்த தேனில் நீர்ச்சத்து கூடிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு நூற்றுக்கு 20. அதைத் தாண்டிய தேன் புட்டிக்குள்ளேயே புளித்து நுரைத்து மூடியைத் தள்ளும். ஒரு முறை நாற்பது புட்டிகள் கடையிலிருந்து திரும்பி வந்தன. அன்று எனக்கு வேண்டியிருந்தது தேனின் ஈரத்தை அளக்கும் சிறு கருவியும், அதைப் பார்க்கக் கற்றுத்தரும் ஓர் ஆளும்தான். வகுப்பில் எனக்குக் கிடைத்ததோ பதினெட்டு மாதத்தில் பத்து மடங்கு வளர்வது எப்படி என்ற கேள்வி. பாறைத்தேனீ தன் பருவத்தில் மட்டுமே தேன் தரும் என்று சொன்னபோது, வேறு பொருளுக்கு மாறிவிடுங்கள் என்றார்கள்.

தயவுசெய்து உங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தை இந்தத் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கூடலூர்

அமெரிக்காவில் சிவப்பு வரைபடம் செய்ததை எங்கள் வட்டாரத்தில் பிரிவு 17 செய்கிறது. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் (பரம்பரை நில உடைமை) ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்கள் பலர். வீடு கண்ணெதிரே இருக்கும். ஈடாகக் காட்டக் காகிதம் இருக்காது. கடன் கேட்டு வந்த பிள்ளைகளை அந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிய வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆயினும் வழிகள் இருக்கின்றன. சொத்து ஈடு இல்லாத சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் மத்திய அறக்கட்டளை 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. 2022-23இல் 30 கோடி ரூபாயில் தொடங்கிய மாநில அரசின் பட்டியலின, பழங்குடியினர் புத்தொழில் நிதியமும் உண்டு. அது பங்கு முதலீடு என்பதால், நிறுவனம் சற்று வளர்ந்த பிறகு அணுகுவதே நல்லது. மாநில அரசின் இந்த இரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் அது கையில் இல்லாதவர்கள் இருப்பார்கள். திட்டத்தின் முதல் வாரத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு 20,000 டாலர் நல்கை தந்த ஃபியர்லெஸ் ஃபண்டு என்ற முதலீட்டு நிதியத்தின் மீது, அது இனப் பாகுபாடு என்று கூறி 2023இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2024இல் அந்த நல்கையே நின்றுபோனது. நம் அரசு இத்தகைய தனித் திட்டம் வகுக்க அரசியலமைப்பின் 15(4) பிரிவே இடம் தருகிறது. சென்னை மாகாணத்தில் எழுந்த வழக்கை ஒட்டித்தான் 1951இல் அது சேர்க்கப்பட்டது. தயங்காமல் அரசைக் கேளுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. திரட்டும் பணத்தை மூன்று மாதப் பயிற்சிக்குச் செலவிடாமல், முதலில் நான்கு பேருக்கு ஆறு மாத உதவித்தொகையாக, பங்கு எதுவும் கேட்காமல் தருவது என்று முன்னாள் மாணவர்களிடம் பேசியிருக்கிறேன். வேதியியல் துறைத் தலைவர் ஆய்வகத்தைச் சனிக்கிழமைகளில் திறந்துவிட ஒப்புக்கொண்டார். திருப்பூரில் இருக்கும் மாணவியிடம் நேற்று தொலைபேசியில் பேசினேன். உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் கேட்டாள். மலைத்தேன் அவர்களே, அந்த ஈரம் அளக்கும் கருவியை எங்கே வாங்கலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.