வேலூர் பக்கம் தேடிப் பிடித்த கடைகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தோட்டப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். போன வருடம் மழைக்காலத்தில் கொல்கத்தா பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். பையனுக்கு இருபது வயது இருக்கும். நான்கு மாதம் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருந்தின் வேகத்தில் அவனுக்கு எதையும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. நான் ரசம் சாதம் கொடுத்துப் பார்த்தேன், இட்லி கொடுத்துப் பார்த்தேன். என் மனசு நோகக்கூடாது என்று இரண்டு வாய் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

அவன் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. "தீதி" என்று கூப்பிடுவார், நான் "அக்கா" என்பேன். ஒருநாள் சமையலறையில் நின்று, "எங்க ஊர்ச் சாப்பாடு சமைச்சா சாப்பிடுவான்" என்று கண் கலங்கிச் சொன்னார். சரி, கடுகு எண்ணெய்க்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவரே ஒரு புட்டியோடு வந்து நின்றார். ஊருக்குப் புதுசாக வந்தவர்! காந்தி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வாங்கினாராம். முப்பது வருடமாக நான் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். கடையின் பலகையில் வங்காள எழுத்து இருந்ததால் அது லாட்ஜ் பலகை என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் அவரோடு சேர்ந்து நானும் சுற்ற ஆரம்பித்தேன். பாபுராவ் தெரு, காந்தி ரோடு, அதற்குள் போகும் சந்துகள். கடை என்றால் ஒரு கதவு அகலம்தான் இருக்கும். வாசலில் பொரி மூட்டை. நம் பொரி மாதிரி உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் நீளமாக இருக்கும், அதை முரி என்கிறார்கள். உள்ளே கடுகு எண்ணெய், மசூர் பருப்பு, பிஸ்கட், பண்டிகை காலத்தில் சேமியா. ஹவுரா ரயில் காட்பாடியில் நிற்கிறது, அதில் வந்து இறங்குகிற ஜனங்களுக்காக உண்டான கடைகள் இவை. 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த இந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி இத்தனை வகை மளிகையை இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அவர்கள் தாளிப்புக்கு "பாஞ்ச் ஃபோரன்" என்று ஒன்று போடுகிறார்கள். ஐந்து வகை விதைகள் சம அளவில், பொடிக்காமல் முழுசாக. அந்தக் கடையில் அன்று தீர்ந்துபோயிருந்தது. என்னென்ன சேரும் என்று கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம். வெந்தயம், சீரகம், சோம்பு, கடுகு நான்கும் என் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. ஐந்தாவது காலோ ஜீரா. லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கருஞ்சீரகத்தைக் கையில் எடுத்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கடுகுக்குப் பதில் ராந்துனி என்ற வேறொரு விதையைப் போடுகிற வீடுகளும் உண்டாம். அது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

கசகசா வாங்கப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். நாம் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் போடுகிறவர்கள். மளிகைக் கடைக்காரர் சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அக்கா அரை கிலோ கேட்டார். "இன்னாமா, கல்யாண ஆர்டரா?" என்றார் கடைக்காரர். அவர்கள் ஊரில் கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கூட்டு மாதிரி செய்வார்கள், பாதி மசாலா அதுதான் என்று நான் விளக்கினேன். அந்தக் காலத்து மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது ஒரு கிலோ வரவழைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார், விலையையும் குறைத்தே போட்டார். பெரிய கடையில் யார் நமக்காக எடுத்து வைப்பார்கள்?

பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளுக்கு அவர்கள் வீட்டில் பாயேஷ், அதாவது பால் பாயசம், கட்டாயம் வேண்டும். அதற்கு கோபிந்தோபோக் என்ற சிறுமணி அரிசி. பர்த்வான் பக்கம் விளைவது, வாசனை அரிசி. மூன்று கடை ஏறி இறங்கினோம், அன்றைக்கு எங்கேயும் இல்லை. நான் சீரக சம்பாவைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தார். "இது போதும்" என்றார். வெல்லம் மண்டித் தெருவில் வாங்கினோம். பாலைச் சுண்டக் காய்ச்சி, அரிசி குழைந்த பிறகு அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பின்னால்தான் வெல்லம் சேர்த்தார். இல்லையென்றால் பால் திரிந்துவிடும். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒரு கிண்ணம் முழுசாகச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டான். நானும் அவன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்போம்.

இப்படித் தேடிப் பிடித்த கடைகள் உங்களுக்கும் இருக்கும். வேலூரைச் சுற்றி எந்த ஊரானாலும் சரி, சொல்லுங்கள்.

*பேரணாம்பட்டிலிருந்து:*

நீங்கள் சீரக சம்பா என்று சொன்னதால் எழுதுகிறேன். அது கிடைப்பது கஷ்டமில்லை, பழசாகக் கிடைப்பதுதான் கஷ்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்று ஊரிலும் பிரியாணி அரிசிக்கென்றே பாய் கடைகள் உண்டு. எங்கள் ஊரில் நான் வாங்குகிற கடையில் மூட்டைகளைத் தவிர வேறு எதுவும் இருக்காது. உள்ளே போனதும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினி பேருக்கு?" இரண்டாவது, "விறகா, கேஸா?" அதற்குப் பிறகுதான் எந்த மூட்டை என்று கை காட்டுவார். ஒரு வருடமாவது இருப்பில் இருந்த அரிசி தம்மில் உடையாது. புது அரிசி குழைந்துவிடும். நாலு அரிசியை எடுத்துப் பல்லில் கடித்துக் காட்டுவார், "டக்"கென்று சத்தம் வர வேண்டும்.

என் தங்கை கல்யாணத்துக்கு விலை குறைவு என்று வேறு ஓர் இடத்தில் இரண்டு மூட்டை வாங்கினோம். பழசு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் தேக்சாவைத் திறந்ததும் சமையல்காரர் முகம் மாறிவிட்டது. பொங்கல் மாதிரி இருந்தது. பெரியவருக்குப் போன் செய்தேன். எங்களிடம் வாங்கவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையனிடம் வண்டியில் அரிசி அனுப்பிவிட்டார், பணத்தைக் கல்யாணம் முடிந்து வாங்கிக்கொண்டார்.

அதே கடையில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஆம்பூர் பிரியாணிக்கு மிளகாய்த் தூள் போடக்கூடாது. காய்ந்த மிளகாயை ஊற வைத்து, விதையை எடுத்துவிட்டு அரைத்த விழுதுதான் போட வேண்டும். நிறம் அதில்தான் இருக்கிறது.

*அணைக்கட்டு பக்கத்திலிருந்து:*

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் வேண்டுமே! எங்கள் இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாத் தள்ளுவண்டியிலும் "இலவம்பாடி, இலவம்பாடி" என்றே கூவுகிறார்கள். வேலூரில் ஓர் இடத்தில் அட்டையில் எழுதி வைத்து விற்றதைப் பார்த்து ஆசையாகப் போய் எடுத்தேன். காம்பு வழவழவென்று இருந்தது. எங்கள் காயைப் பறித்தால் கை கிழியும். காயின் தொப்பியிலும் காம்பிலும் முள், செடியின் தண்டிலும் இலையிலும்கூட முள். வியாபாரியிடம் சொன்னால், "முள்ளை வெட்டிட்டுக் கொண்டாந்தோம்" என்கிறார்!

காயை எடுக்கும்போது காம்பைத் தொட்டுப் பாருங்கள், அது போதும். நேதாஜி மார்க்கெட்டிலும் வரும், ஆனால் டோல்கேட் உழவர் சந்தைக்குப் போவதே நல்லது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் அங்கே உட்கார முடியும். எந்த ஊர், என்றைக்குப் பறித்தது என்று முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். ஆனால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். எட்டு மணிக்குப் போய்விட்டு இல்லை என்று சொல்லாதீர்கள்.

*பாகாயத்திலிருந்து:*

சி.எம்.சி.யின் மெடிக்கல் காலேஜ் இருப்பதால் எங்கள் பக்கம் மலையாளிகள் அதிகம். சின்ன மளிகைக் கடையில்கூட மட்டை அரிசியும் நேந்திரங்காயும் இருக்கும். ஓணத்துக்கு முன்னால் வாழை இலையும் வெள்ளைப் பூசணியும் கேட்காமலே வந்து இறங்கும். எனக்குக் கேரளா அப்பளம் பிடிக்கும், அதற்காகவே போவேன்.

*ராணிப்பேட்டையிலிருந்து:*

2019-ல் நாங்கள் தனி மாவட்டம் ஆகிவிட்டோம். இருந்தாலும் தீபாவளி மளிகைக்கு என் அம்மா லாங்கு பஜாருக்குத்தான் பஸ் ஏறுவார். இந்தப் பக்கம் வந்தால் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்காமல் போகாதீர்கள். உள்ளே முந்திரி, பாதாம் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

*ஒடுகத்தூரிலிருந்து:*

எங்கள் ஊர்ச் சந்தை வெள்ளிக்கிழமை. ஆட்டுச் சந்தை என்றுதான் வெளியூரில் பேர், பண்டிகை வந்தால் இருட்டோடு லாரிகள் நிற்கும். ஆட்டைப் பார்க்க வருகிறவர்கள் சந்தையின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. பீஞ்சமந்தை பக்கத்து ஜவ்வாது மலை ஜனங்கள் சாமை, புளி, தேன் என்று கொண்டுவந்து தரையில் சாக்கு விரித்து உட்காருவார்கள். போர்டும் கிடையாது, பில்லும் கிடையாது. ஓர் ஆயாவிடம் ஏழெட்டு வருடமாகச் சாமை வாங்குகிறேன். கார்த்திகை, மார்கழி தாண்டினால் புதுசு வரும்.

முதல் தடவை நான் வாங்கும்போது, வெள்ளையாக இருப்பதை எடுக்கப் போனேன். ஆயா கையைத் தட்டிவிட்டார். "அது மிஷின்ல தீட்டினது சாமி, இத்த எடு" என்று கொஞ்சம் பழுப்பாக இருந்ததைக் காட்டினார். உமி போயிருக்கிறது, தவிடு போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மாற்றி மாற்றி அரிக்க வேண்டும், இல்லையென்றால் பல்லில் கல் கடிபடும். அதைக் குறையாகச் சொல்லி ஆயாவிடம் விலை பேசாதீர்கள். அவர்கள் களத்து மண் அது, எடைக்காகச் சேர்த்தது கிடையாது. இரண்டு மாதம் அவர் வரவில்லை. மலைக்குப் போகிறவர்களிடம் விசாரித்தேன், முழங்கால் வலியாம். பேத்தி வந்து அதே இடத்தில் சாக்கு விரித்திருக்கிறாள்.

*மறுபடி தோட்டப்பாளையம்:*

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு இன்று காலையில் டோல்கேட் போனேன். காம்பைத் தொட்டேன், விரலில் குத்தியது, இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். பாதியைப் பாஞ்ச் ஃபோரன் தாளித்து, கடுகு எண்ணெயில் செய்தேன். எண்ணெய் லேசாகப் புகையும் வரை காய்ந்தால்தான் அந்தக் காட்டம் போகும். அக்கா போகும்போது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

பையன் எப்படி இருக்கிறான் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஊருக்குப் போய்விட்டான், தை மாதம் பரிசோதனைக்கு வருவார்கள். வரும்போது ராந்துனி கொண்டுவருவதாக அக்கா போனில் சொன்னார். என்னிடம் கேட்டது இரண்டு கிலோ சீரக சம்பா, பழசாக. பேரணாம்பட்டுக்காரரே, பாயசத்துக்குக் குழைய வேண்டுமே, அதற்குப் பழசா புதுசா? பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஒடுகத்தூர்க்காரரே, இந்த வெள்ளிக்கிழமை வருகிறேன். எத்தனை மணிக்குள் வந்தால் அந்தப் பேத்தியிடம் சாமை மிச்சம் இருக்கும்?