"வலிக்கு ரெண்டு குடுப்பா": எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் நைனாவுக்கு 61 வயது. காசிமேட்டில் ஐஸ் கட்டி தூக்குகிற வேலை. இடுப்பு பிடித்துக்கொண்டால் தெருமுனை மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு குடுப்பா" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். போன சித்திரையில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் மறையவில்லை. சிறுநீரும் குறைந்துபோனது. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் 2.9. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுகிற அளவு அது.

என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று டாக்டர் கேட்டார். நைனா சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். கத்தரியால் வெட்டிக் கொடுத்தவை. ஒன்றில் "ஃபெனாக்" என்று பெயரின் வால் மட்டும் இருந்தது. மற்றதில் வெறும் வெள்ளி. பெயரும் இல்லை, தேதியும் இல்லை. கடைக்கு ஓடிப்போய்க் கேட்டு வந்தேன். ஒன்று டைக்ளோஃபெனாக், இன்னொன்று அசெக்ளோஃபெனாக். இரண்டும் ஒரே வகை வலி மாத்திரை. ஒன்று இடுப்புக்கு, ஒன்று முட்டிக்கு என்று நினைத்து நைனா தினமும் இரண்டையும் போட்டிருக்கிறார். கூடவே பிரஷர் மாத்திரை வேறு.

சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிற குழாயைத் திறந்து வைக்கும் ஒரு பொருள் உடம்பில் சுரக்கிறதாம். இந்த மாத்திரைகள் அதை அடக்கிவிடும். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காதவருக்கு அது தாங்காது. இரைப்பையின் உள்தோலைக் காப்பதும் அதே பொருள்தான் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்திய மூன்றாவது வாரம் கிரியேட்டினின் 1.3க்கு இறங்கியது. அன்றைக்குத்தான் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

தயவுசெய்து பெயர் தெரியாத துண்டை வாங்காதீர்கள். அட்டையில் பெயர் இருக்கிற பக்கமாகக் கேளுங்கள்.

*

மேலே உள்ளதைப் படித்துவிட்டு எழுதுகிறேன், நான் வியாசர்பாடி. ஐப்பசி மழையில் என் மகளுக்குக் காய்ச்சல். வீட்டில் இருந்த ஐபுபுரூஃபன் சிரப்பை ஊற்றப் போனேன். அதுவும் மேலே சொன்ன அதே வகை வலி மருந்துதான். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும், இல்லை என்று தெரிகிற வரை பாராசிட்டமால் மட்டும் கொடு என்று நர்ஸ் அக்கா தடுத்தார். இரண்டு நாளில் டெங்கு என்றே ரிப்போர்ட் வந்தது.

*

நான் இன்னொரு வாசகர். என் அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 போடுகிறவர். அதோடு முட்டிவலிக்கு ஐபுபுரூஃபனும் சேர்த்துப் போட்டார். நான்காம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பு. வயிற்றில் ரத்தக்கசிவு. அந்த நிறத்தைப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

*

மேலே எழுதிய காசிமேட்டுக்காரன்தான். வலிக்கு நைனா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், அப்புறம் ராத்திரி வெந்நீர் ஒத்தடம். வேலைக்குப் போகும்போது இரண்டு லிட்டர் தண்ணீர் கேனை நானே வண்டியில் மாட்டி அனுப்புகிறேன்.