லேசரில் சுத்தம் செய்த இடத்தில் மட்டும் இன்சர்ட் முனை பெயர்கிறது – காரணம் என்ன?

வார்ப்புமணல்:
வணக்கம். கிரே அயர்னில் (சாம்பல் வார்ப்பிரும்பு) பம்பு உறைகள் வார்க்கிறோம். ஷாட் பிளாஸ்டிங் (சிறு எஃகு மணிகளை வேகமாக வீசிச் சுத்தம் செய்வது) முடிந்த பிறகும் உள் மூலைகளில் எரிந்து ஒட்டிய மணல் அப்படியே நிற்கிறது. உளியும் சுத்தியலும் அங்கே நுழையாது. அதனால் கையில் பிடித்து ஓட்டும் லேசர் கிளீனிங் மெஷினுக்கு மாறினோம். 1500 வாட், விட்டுவிட்டு அடிக்காமல் தொடர்ச்சியாகக் கதிர் விடும் வகை.

பார்வைக்குச் சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் லேத்தில் ஏற்றி போரிங் போடும்போது, லேசர் பட்ட இடத்துக்கு வந்ததும் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்கிறது. நிறுத்திப் பார்த்தால் கார்பைடு இன்சர்ட்டின் (மாற்றிப் பொருத்தும் வெட்டுமுனைத் துண்டு) முனை பெயர்ந்திருக்கிறது. லேசர் படாத உறைகளில் அதே வேகம், அதே ஃபீடு, ஒரு தொந்தரவும் இல்லை. மூலைகளிலோ மணல் உதிராமல் கறுப்பாக, பளபளவென்று உருகி உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்பு தெரிந்த சின்ன ஊசித்துளைகள் லேசர் ஓட்டிய பிறகு கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை அடைந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா? பவரைக் குறைப்பதா, கையை வேகமாக நகர்த்துவதா என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அரமுனை:
முதலில் ஒரு நல்ல அரத்தை எடுத்து லேசர் பட்ட இடத்திலும் படாத இடத்திலும் தேய்த்துப் பாருங்கள். படாத இடத்தில் கடித்து, பட்ட இடத்தில் வழுக்கினால் மேல்தோல் கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

வார்ப்புமணல்:
தேய்த்துப் பார்த்தேன். பட்ட இடத்தில் அரம் வழுக்குகிறது. பக்கத்திலேயே லேசர் படாத இடத்தில் சாதாரணமாகக் கடித்துத் தூள் வருகிறது.

ஒளிவெப்பம்:
அப்படியானால் உங்கள் மெஷின் மேல்தோலை உருக்கி உறைய வைத்துக்கொண்டிருக்கிறது. கிரே அயர்ன் எளிதாகக் கடைய வருவதற்குக் காரணமே அதில் தகடு தகடாகப் பிரிந்து நிற்கும் கிராஃபைட்தான். அந்தப் பிரிவு நடக்க உலோகம் நிதானமாக ஆற வேண்டும். லேசர் உருக்கிய மெல்லிய படலத்துக்கு அடியிலும் சுற்றிலும் இருப்பது குளிர்ந்த இரும்பு. அது நொடிப்பொழுதில் சூட்டை உறிஞ்சிவிடும். கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரம் கிடைக்காமல் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற மிகக் கெட்டியான இரும்புக் கார்பைடாக உறைகிறது. மோல்டில் ‘சில்’ (வேகமாக ஆறவைக்கும் உலோகத் துண்டு) வைத்த இடத்தில் வெள்ளை இரும்பு வருமே, அதே கதைதான், மிக மெல்லிய தோலாக நடக்கிறது. உருகிய படலத்துக்குக் கீழே உருகாமல் சூடேறி ஆறிய பகுதியும் மார்ட்டன்சைட் என்ற கடின அமைப்பாகிக் கெட்டிப்படும். இன்சர்ட் முனை போய் மோதுவது இந்தத் தோலில்தான். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டிப் பாலிஷ் செய்து நைட்டால் (நைட்ரிக் ஆசிடும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) போட்டுப் பாருங்கள், வெள்ளைக் கோடாகத் தனியே தெரியும்.

மூலைகளில் மணல் கண்ணாடி மாதிரி உருகி உட்காருவதற்கும் காரணம் இந்தச் சூடுதான். தூய சிலிக்கா மணல் உருக 1700 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். ஆனால் இரும்பு ஆக்சைடு அதோடு கலந்தால் 1200 டிகிரிக்கு அருகிலேயே உருகும் இரும்பு சிலிகேட்டாகிவிடும். சுமார் 1 மைக்ரான் அலைநீளமுள்ள இந்தக் கதிர், சுத்தமான மணல் துகளைப் பெரும்பாலும் ஊடுருவிக்கொண்டு போகும். சூடேறுவது அடியில் இருக்கும் இரும்பும் ஆக்சைடும். அந்தச் சூடு நீடித்தால் துகள் உருகிப் பிடித்துக்கொள்ளும். அதே சூடு மிகச் சிறிய நேரத்தில், அதாவது விட்டுவிட்டு அடிக்கும் பல்ஸ் லேசரில் சுமார் 100 நானோநொடியில் வந்துபோனால், அடியில் உருவாகும் ஆவி துகளைத் தெறிக்க விடும். உருகுவதும் சில மைக்ரான்களோடு நிற்கும்.

ஆகவே பவரைக் குறைப்பதால் மட்டும் இது முழுதாகத் தீராது. இந்த வேலைக்குப் பல்ஸ் வகைதான் சரி. சராசரி பவர் சில நூறு வாட் இருந்தாலே போதும். அதிலும் ஒரே இடத்தில் நின்று அடித்தால் சூடு சேர்ந்துவிடும். நகர்த்திக்கொண்டே இருங்கள், பிடிவாதமான இடத்தை ஆறவிட்டு அப்புறம் திரும்பி வாருங்கள்.

வார்ப்புமணல்:
மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஏற்கெனவே லேசர் ஓட்டி வைத்திருக்கும் உறைகளை என்ன செய்வது?

அரமுனை:
கடையும் பரப்பு என்றால் முதல் வெட்டை ஆழமாக எடுங்கள். முனை கெட்டித் தோலுக்குக் கீழே, மென்மையான இரும்பில் ஓட வேண்டும். தோலை உரசிக்கொண்டு போகும் மெல்லிய வெட்டுதான் இன்சர்ட்டைத் தின்னும். அலவன்ஸ் (கடைந்தெடுக்க விட்ட கூடுதல் கனம்) அவ்வளவு இல்லையென்றால் முதலில் கிரைண்டரில் அந்தத் தோலை எடுத்துவிடுங்கள். 900 டிகிரிக்கு மேல் அனீல் செய்தாலும் (சூடேற்றி மெதுவாக ஆறவிட்டாலும்) தோலில் இருக்கும் சிமென்டைட் உடையும். ஆனால் உறை வளையலாம், மேலே ஸ்கேல் (ஆக்சைடு படலம்) பிடிக்கும், இரும்பின் வலிமையும் குறையும். இந்த அளவு தோலுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

சிவப்புமை:
ஊசித்துளை பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. துளை அடையவில்லை, அதன் வாய் மட்டும் மூடியிருக்கிறது. உள்ளே காற்றறை அப்படியே இருக்கும். மேலே உருகி இழுபட்ட உலோகம் இருந்தால் டை பெனட்ரன்ட் (துளை, விரிசலைக் காட்டும் சிவப்புச் சோதனைத் திரவம்) உள்ளே போகாது, சிவப்பும் வெளியே வராது, சோதனையில் தேறிவிட்டதாகத் தோன்றும். விரிசலுக்கும் கோல்டு ஷட்டுக்கும் (உருகிய இரும்பின் இரு ஓட்டங்கள் ஒன்றாகச் சேராமல் விட்ட இணைப்பு) இதே ஆபத்து உண்டு. பெனட்ரன்ட் போடுவதற்கு முன் ஆசிடில் லேசாக எட்ச் செய்து வாயைத் திறக்க வேண்டும். பம்பு உறை என்பதால் பிரஷர் டெஸ்ட் போடாமல் ஒன்றையும் வெளியே விடாதீர்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

லேசரை ‘குறையை நீக்கும் கருவி’ என்று நினைப்பதில்தான் சிக்கல். ஒட்டிய மணல், ஆக்சைடு, கோட்டிங் மிச்சம், இவற்றை அது எடுக்கும். துளையையும் விரிசலையும் எடுக்க வேண்டுமானால் அடிவரை தோண்டிவிட்டு, வெல்டிங்கிலோ லேசர் கிளாடிங்கிலோ (லேசரால் உலோகத்தை உருக்கிப் படியவைப்பது) நிரப்ப வேண்டும். அது தனி வேலை, கிரே அயர்னில் ப்ரீஹீட், நிக்கல் ராடு என்று கவனமும் அதிகம் தேவை.

கோர்பெட்டி:
மணல் எந்த அளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மேலே மெல்லிசாக ஒட்டியிருந்தால் லேசர் சரி. இரும்பு மணலுக்குள் சில மில்லிமீட்டர் ஊடுருவியிருந்தால் எந்த லேசரும் உங்களுக்கு நேரத்தைத்தான் செலவாக்கும். எப்போதும் அதே மூலையில் பிடிக்கிறது என்றால், அந்த இடத்தில் மணல் சூடாகி, இறுக்கமும் குறைவாக இருக்கிறது. ஊற்றும் சூட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். கோரின் (உட்குழிவை உருவாக்கும் மணல் அச்சு) அந்த மூலைக்கு ஜிர்கான் வாஷ் (சூடு தாங்கும் பூச்சு) அடியுங்கள். பச்சை மணலில் (களிமண்ணும் ஈரமும் சேர்த்த மோல்டு மணல்) நிலக்கரித்தூள் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூலைக்கு ரேடியஸ் கொடுக்க முடிந்தால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

வார்ப்புமணல்:
உண்மைதான், எல்லா உறையிலும் அதே இரண்டு மூலைகள். ஜிர்கான் வாஷிலிருந்து தொடங்குகிறேன். பல்ஸ் மெஷினில் மாதிரித் துண்டு ஓட்டிப் பார்க்கவும் கேட்டிருக்கிறேன். அதுவரை கடையும் பரப்பில் லேசர் கிடையாது.

சிவப்புமை:
நல்லது. ஓட்டுபவர் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினால் உடனே நிறுத்துங்கள். உங்கள் மெஷினின் அலைநீளத்துக்கென்று OD மதிப்பு (கதிரை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) எழுதிய கண்ணாடிதான் வேண்டும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, எதிரொளித்து வந்தாலும் விழித்திரை போய்விடும். மணல் புகை நுரையீரலில் சிலிக்கோசிஸ் கொண்டுவரும், அதனால் முனைக்குப் பக்கத்திலேயே புகை உறிஞ்சி வையுங்கள்.

டைகாஸ்ட்டர்:
இடையில் ஒரு கேள்வி. அலுமினியம் டை காஸ்டிங்கில் (உலோக அச்சில் அழுத்தி வார்ப்பது) வெல்டிங்குக்கு முன் ஆக்சைடை எடுக்கவும் பல்ஸ் லேசர்தானா? அதே புகை உறிஞ்சியையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

ஒளிவெப்பம்:
பல்ஸ்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல். ஆக்சைடை உருக்கி எடுக்கப் பார்த்தால் அடியில் இருப்பது முதலில் கரையும். டை காஸ்டிங்கில் உள்ளே அடைபட்ட வாயுவும் அப்போது கொப்புளமாகக் கிளம்பும். சுத்தம் செய்ததும் தாமதிக்காமல் வெல்டிங்குக்குப் போங்கள். புகை உறிஞ்சி மட்டும் கண்டிப்பாகத் தனித்தனியாக வேண்டும். நுண்ணிய அலுமினியத் தூள் தனியாக இருந்தாலே, காற்றில் பறக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. இரும்பு ஆக்சைடோடு ஒரே ஃபில்டரில் சேர்ந்தால் அது தெர்மைட் கலவை, பற்றினால் கடும் சூட்டோடு எரியும்.