இருவர் + லக்கேஜ்: ப்ரீலோடை முழுசா ஏத்தியும் பின்பக்கம் அமர்ந்தே இருக்கு, ஷாக் போச்சா, ஸ்பிரிங் பத்தலையா?

தூரப்பயணி:

ஆறு நாள் பயணம், ஒரு நாளைக்கு 400 கி.மீ. வாக்கில், பில்லியனோட (பின் சீட்ல உட்கார்றவர்). பைக் 200 கிலோ. பின்னால லிங்கேஜோட (சக்கர அசைவை ஷாக்குக்குக் கடத்துற இணைப்பு) ஒற்றை ஷாக். பின் சக்கர டிராவல் (மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம்) 150 மி.மீ., ஷாக் ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்குற தூரம்) 60 மி.மீ., ஸ்பிரிங் மேல 90 நியூட்டன்/மி.மீ.னு இருக்கு. ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவு) மாத்த கையால திருகுற ஹைட்ராலிக் குமிழ். கீழே ரீபவுண்ட் (அமுங்கின ஷாக் திரும்ப எழும்புற வேகம்) ஸ்க்ரூ உண்டு, கம்ப்ரெஷனுக்கு (அமுங்குற வேகத்துக்கு) எதுவும் இல்லை. முன் ஃபோர்க்கில் திருக ஒண்ணுமே கிடையாது.

ஓட்டுறவர் 75 கிலோ, பில்லியன் 62, லக்கேஜ் 22 (ரெண்டு பக்கப் பெட்டி, ஒரு டாப் பாக்ஸ்). பின் ஆக்ஸில்ல இருந்து நேர் மேலே டெயில் பேனல் போல்ட் வரைக்கும் அளந்தது:

சக்கரம் தரையைத் தொடாம: 612 மி.மீ.
வெறும் வண்டி: 596
ஓட்டுறவர் மட்டும்: 565
ரெண்டு பேர், லக்கேஜ், ப்ரீலோட் குறைந்தபட்சம்: 514
ரெண்டு பேர், லக்கேஜ், ப்ரீலோட் முழுசா: 539

வேகத்தடையில கடைசி வரைக்கும் போய் இடிக்குது. வளைவுல வண்டி வெளிப்பக்கமாவே போகப் பார்க்குது. ரீபவுண்டை முழுசா மூடினா தொடர் குழிகள்ல இன்னும் மோசம். ஷாக்கை மாத்தணுமா, ஸ்பிரிங் மட்டும் போதுமா?

சி_ஸ்பேனர்:

இப்படி எண்களோட கேட்டா பதில் சொல்றது சுலபம். 612-ல 539 போனா 73. டிராவல் 150, அதுல பாதி நின்ன இடத்துலயே காலி. எடை ஏறினதும் வண்டி அமரும் அளவைத்தான் ஸேக்னு சொல்றோம். சாலையில நீண்ட தூரம் ஓட்ட அது மொத்த டிராவல்ல மூணுல ஒரு பங்கு, அதாவது உங்களுக்கு 45 முதல் 50 மி.மீ. இருக்கணும். பின்பக்கம் அமர்ந்தா முன் ஃபோர்க் சாய்வு கூடும், ட்ரெயிலும் (ஸ்டீயரிங் அச்சு தரையைச் சந்திக்கிற இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) கூடும். வளைவுல வெளியே இழுக்கிறது அதனாலதான், டயர்ல குறை தேடாதீங்க.

முதல்ல ஸ்பிரிங் தளர்ந்துபோச்சான்னு பார்ப்போம். சக்கர டிராவலை ஷாக் ஸ்ட்ரோக்கால வகுத்தா 2.5. ஸ்பிரிங் விறைப்பை அதோட வர்க்கத்தால வகுக்கணும்: 90 ÷ 6.25 = 14.4. சக்கரம் ஒரு மி.மீ. ஏற 14.4 நியூட்டன். பில்லியன் எடையில 53 கிலோவாவது பின் சக்கரத்துக்குப் போகும், லக்கேஜ் கிட்டத்தட்ட முழுசும் போகும். 75 கிலோ, அதாவது 736 நியூட்டன். 14.4-ஆல வகுத்தா 51 மி.மீ. உங்க அளவும் 565-ல இருந்து 514, அதே 51. லிங்கேஜ் விகிதம் டிராவல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, ஆனா இந்த அளவு பொருத்தம் போதும். ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு, இந்த எடைக்கு அது சின்னது.

ப்ரீலோடை ஏத்தினா ஸ்பிரிங் விறைப்பாகும்னு பலரும் நினைக்கிறாங்க. ஆகாது. வண்டி நிற்கிற உயரம்தான் ஏறும், ஒவ்வொரு மி.மீ.க்கும் ஸ்பிரிங் கொடுக்கிற பலம் பழையபடியே. உங்க குமிழ் 514-ஐ 539 ஆக்குது, சக்கரத்துல 25 மி.மீ., ஸ்பிரிங்குல 10 மி.மீ. இழந்த 51-ஐ முழுசா மீட்க ஸ்பிரிங்குல 20 மி.மீ. வேணும். குமிழ்ல அதுக்கு இடமில்லை.

110 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் போட்டா சக்கரத்துல 17.6. முழு ப்ரீலோடில் ரெண்டு பேர், லக்கேஜோட ஸேக் 49 மி.மீ. அளவுல நிற்கும். ப்ரீலோடை இறக்கிட்டுத் தனியா ஓட்டினா 32. கொஞ்சம் விறைப்பு, ஆனா ஓட்டலாம். (சக்கரம், அதைத் தாங்குற கையான ஸ்விங்கார்ம் போக வெறும் வண்டியோட பின்பக்க எடை 75 கிலோன்னு வெச்சுப் போட்ட கணக்கு.)

ஸ்பிரிங் வாங்கும்போது உள்விட்டமும் நீளமும் பழையதோட ஒத்துப்போகணும். இன்னொண்ணு: சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதுக்கு முன்னால அது அமுங்கக்கூடிய அளவு, ஸ்ட்ரோக் 60-ஐயும் அதிகபட்ச ப்ரீலோடையும் கூட்டினதைவிட அதிகமா இருக்கணும். இல்லைன்னா ஷாக் அடிக்கு முன்னாடி ஸ்பிரிங் அடிச்சுடும். கழட்டுற வேலையை ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இருக்கிற இடத்துல கொடுங்க. கயிறு கட்டி முயற்சி பண்ணாதீங்க.

வளைவுக்காதலன்:

ஒரு மாற்றுக் கருத்து. முழு ப்ரீலோடில் வெறும் வண்டியை அளந்தீர்களா? கணக்குப்படி வெறும் வண்டி அமர்ந்த 16-ல் (612 − 596) 25 கழிக்க வேண்டும், ஆக அமரவே அமராது, பூஜ்யம். எடை ஏற்றிய ஸேக் சரியாக வரும்போது வெறும் வண்டி 5 முதல் 15 மி.மீ. அமர வேண்டும், பூஜ்யமானால் ஸ்பிரிங் மென்மை என்பதே விதி. அந்த விதிப்படி 110 போதாது, 130 போடலாமே?

சி_ஸ்பேனர்:

விதி சரி, இங்கே பொருந்தாது. அது ஒருத்தர் மட்டும் ஓட்டுற வண்டிக்கு வெச்ச சோதனை. வெறும் வண்டி 8, முழு எடையில 48னு ரெண்டையும் ஒரே ப்ரீலோடில் கேட்டீங்கன்னா, ஓட்டுறவர், பில்லியன், லக்கேஜ் சேர்ந்து பின் சக்கரத்துல ஏத்துற 120 கிலோவை வெறும் 40 மி.மீ.ல தாங்கணும். அதுக்கு 184 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங், இப்போ இருக்கிறதோட ரெண்டு மடங்கு. அதுக்கு ஏத்த டாம்பிங் (ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குற எண்ணெய்த் தடை) இந்த ஷாக்கில் வராது.

130-ஐயே எடுங்க: தனியா ஓட்டும்போது ஸேக் 22 மி.மீ.தான், குறைந்தபட்ச ப்ரீலோடிலேயே வெறும் வண்டி அமராது. சக்கரம் குழிக்குள்ள இறங்க இடமே இருக்காது. முழு ப்ரீலோடோட வெறும் வண்டியை யாரும் ஓட்டப்போறதில்லை, அந்த நிலைமையில பூஜ்யம் வந்தா குறையில்லை. ஆள் ஏறினதும் 49 வருதாங்கிறதுதான் கேள்வி. வருஷம் பூரா ரெண்டு பேர்தான்னா 120-ஐ யோசிக்கலாம்.

வளைவுக்காதலன்:

40 மி.மீ. கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

லிங்க்_பேரிங்:

ஸ்பிரிங் பற்றிச் சொல்லியாயிற்று. மற்றவை.

ரீபவுண்ட்: முழுசாக மூடினால் தொடர் குழிகளில் மோசமாவது இயல்பு. முதல் குழியில் அமுங்கிய ஷாக் மேலே வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. ஒவ்வொரு குழிக்கும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, கடைசியில் டிராவலே இல்லாமல் இடிக்கிறது. அந்த இடி ‘ஸ்பிரிங் மென்மை’ போலவே தோன்றும், ஆகவே பலர் இன்னும் மூடுவார்கள். ஸ்க்ரூவை மெதுவாக, உட்காரும் வரை மட்டும் மூடுங்கள். அழுத்தித் திருகினால் உள்ளே ஊசி உட்காரும் இடம் கெட்டுவிடும். அங்கிருந்து கையேட்டில் உள்ள கிளிக்குகள் வரை திறந்து, எடையும் விறைப்பான ஸ்பிரிங்கும் சேர்வதால் அதிலிருந்து 2 அல்லது 3 கிளிக் மூடித் தொடங்குங்கள். இருவரும் உட்கார்ந்து, சீட்டை அழுத்தி விட்டால் ஒருமுறை மேலே வந்து அடங்க வேண்டும். இரண்டாவது முறை ஆடினால் இன்னும் ஒரு கிளிக். மெல்ல ஊர்ந்து ஏறினால் ஒரு கிளிக் திறக்கவும். ஷாக் சூடாகி எண்ணெய் இளகினால் இது மாறும், எனவே அரை மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள்.

ஃபோர்க்: பில்லியன் எடையில் 9 கிலோ அளவுதான் முன்னால் வரும். நின்ற இடத்தில் வித்தியாசம் தெரியாது, பிரேக்கில் தெரியும். ஃபோர்க்கின் உள் குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக் கட்டி, சீல் வரை இறக்கி வைத்து, காலியான சாலையில் பலமாக ஒருமுறை பிரேக் போடுங்கள். டை நகர்ந்த இடம், பயன்பட்ட டிராவல். முழு டிராவலுக்கு 10 முதல் 15 மி.மீ. மிச்சம் இருந்தால் எதையும் தொட வேண்டாம். மிச்சமே இல்லையென்றால் எண்ணெய் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தலாம். எண்ணெய்க்கு மேலே உள்ள காற்று சிறுத்து, கடைசிப் பகுதியில் மட்டும் விறைக்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, காற்று வெளியேறும் வரை பம்ப் செய்தபின் குழாய் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அளவு விளிம்பிலிருந்து என்பதால் கையேட்டில் 120 என்று இருந்தால் நீங்கள் நிறுத்த வேண்டியது 110. 130-க்குப் போய்விட்டு ‘முன்பைவிட மோசம்’ என்பவர்கள் உண்டு. அதிகமாக ஊற்றினால் முதலில் போவது சீல். இரு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருக்கட்டும்.

லக்கேஜ்: டாப் பாக்ஸில் கனமானது வேண்டாம். பின் ஆக்ஸிலுக்கு 300 மி.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால், வீல்பேஸ் 1400 மி.மீ. என்று கொண்டால், பின்பக்கம் 12.1 கிலோ ஏறும், முன் சக்கரத்திலிருந்து 2.1 கிலோ குறையும். அதிவேகத்தில் பின்பக்கம் நெளிவதற்கு இதுவே பாதிக் காரணம். கருவிகள், தண்ணீர் எல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில், இருபுறமும் சம எடையாக. மழைக்கோட்டு மேலே இருக்கலாம். மொத்தம் 159 கிலோ ஏற்றுகிறீர்கள், வண்டித் தகட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிகளின் சொந்த எடையையும் சேர்த்துத்தான்.

டயர் காற்று: ஸ்டிக்கரில் இருவருக்கான அளவு தனியாக இருக்கும். குளிர்ந்த டயரில், கிளம்புவதற்கு முன்பே பிடிக்கவும். பின் டயரில் 4 பிஎஸ்ஐ குறைவாக வைத்துக்கொண்டு ஷாக்கைத் திருகுவதில் பயனில்லை.

ஷாக்கைக் கழற்றும்போதே லிங்கேஜ் போல்ட்களை உருவி, ஊசி பேரிங்குகளைத் துடைத்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த லிங்கேஜ் ஸேக் அளவையே ஏமாற்றும். சோதனை: பின்பக்கத்தை அழுத்தி மெதுவாக விட்டு ஒருமுறை அளங்கள், தூக்கி மெதுவாக விட்டு ஒருமுறை. இரண்டுக்கும் சராசரிதான் உண்மை அளவு. வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் எங்கோ பிடிக்கிறது.

தூரப்பயணி:

110 ஆர்டர் பண்ணியாச்சு. ரெண்டு தடவை அளந்ததுல வித்தியாசம் 3 மி.மீ. ரெண்டு சந்தேகம்: பின்பக்கம் உயர்ந்தா செயின் தளர்வை மாத்தணுமா? ஹெட்லைட்?

சி_ஸ்பேனர்:

ஹெட்லைட்டை ரெண்டு பேரும் உட்கார்ந்து, ப்ரீலோட் போட்டபிறகுதான் சுவர் முன்னாடி நிறுத்தி இறக்கணும். தனியா ஓட்டும்போது திரும்ப ஏத்த மறந்துடாதீங்க.

செயினுக்கு கையேட்டு அளவே போதும், ஆனா ஒருமுறை அமுக்கிப் பாருங்க. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்கார்ம் பிவட், பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் ரொம்ப இறுகும், ரெண்டு பேர் போனா சக்கரம் அடிக்கடி அங்கே வரும். ராட்செட் ஸ்ட்ராப் போட்டு பின்பக்கத்தை அந்தக் கோடு வரைக்கும் இறக்குங்க. சக்கரத்தைச் சுத்தி செயினோட இறுக்கமான இடத்தைக் கீழே கொண்டுவந்து விரலால தூக்குங்க. அசையணும். கம்பி மாதிரி நின்னா கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்தான் அடி வாங்கும். இன்னும் 5 மி.மீ. தளர்த்திடுங்க.

கேட்காத இன்னொண்ணு: முழு ப்ரீலோடில் பில்லியனும் லக்கேஜும் இறங்கினதும் பின்பக்கம் எழும்பும், சைடு ஸ்டாண்ட் குட்டையானது போல வண்டி அதிகமா சாயும். சரிவுல நிறுத்துறதா இருந்தா முதல் கியர்ல போட்டு, சென்டர் ஸ்டாண்ட் இருந்தா அதுல நிறுத்துங்க.