துணி நாப்கின்: துவைப்பதா சிக்கல், காயப்போடுவதா?

போர்த்தண்ணீர்: நாலு மாதமாகத் துணி நாப்கின்தான். மொத்தம் ஆறு. தொடை உரசிப் புண்ணாவது நின்றுவிட்டது, அதில் சந்தோஷம். ஆனால் இரண்டில் கறை பழுப்பேறி நிற்கிறது. எல்லாமே அட்டை மாதிரி விறைத்துவிட்டன, முன்பு போல உறிஞ்சுவதும் இல்லை, ஓரமாக வழிகிறது. கொதிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றி ஊறவைத்து, சோப்புப் போட்டு, கடைசியில் வாசனைக்குக் கண்டிஷனரும் போடுகிறேன். இதற்கு மேல் என்ன செய்ய?

மொட்டைமாடி: இதற்கு மேல் வேண்டாம், இதில் பாதியை விட்டாலே போதும். ரத்தத்தில் இருப்பது புரதம். சூடு பட்டால் முட்டை வேகிற மாதிரி இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். அப்புறம் தண்ணீர் தெளிகிற வரை பிழிந்து பிழிந்து அலசிவிட்டுத்தான் சோப்பு.

உறிஞ்சாததற்குக் காரணம் கண்டிஷனர். அது நூலின் மேல் வழுவழுவென்று படிந்து தண்ணீரை உள்ளே விடாது. காய்ந்த நாப்கின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கினால் சரி, உருண்டு நின்றால் படிவு இருக்கிறது. உங்கள் பெயரைப் பார்த்தால் உப்புத் தண்ணீர் போலிருக்கிறது. அதில் கட்டி சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து துணியிலேயே தங்கும். கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டு, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். கசியாமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் பூச்சுத் துணி வைத்துத் தைத்திருந்தால் இஸ்திரி பக்கமே போகாதீர்கள்.

பிஜிவாசி: சொந்த மாடி இருப்பவர்கள் எழுதும் குறிப்பு இது. எங்கள் பிஜி விடுதியில் பதினோரு பேருக்கு ஒரு பாத்ரூம். அரை மணி நேரம் யார் பக்கெட்டை யார் விட்டுவைப்பார்கள்? நானும் ஆறு மாதம் முயன்றேன். பால்கனிக் கொடியில் போட்டால் வார்டன் எடுத்துவிடச் சொல்வார். பீரோவுக்குள் ஹேங்கரில் மாட்டினேன். ஒருநாள் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை. அடுத்த மாதமே அரிப்பு, வெள்ளைப்படுதல் என்று டாக்டரிடம் போய் நின்றேன்.

இது என் ஒருத்தி கதை இல்லை. ஒடிசாவில் 486 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்விலும், மறுபடி மறுபடி துவைத்துப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தொற்று அதிகம் என்று வந்தது.

மொட்டைமாடி: அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டிலேயே சுத்தம் செய்துகொள்ள இடம் இருந்தவர்களுக்கு ஒரு வகைத் தொற்று குறைவு. அப்படியென்றால் துணியை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

பிஜிவாசி: அதைத்தான் நானும் சொல்கிறேன். இடம் இல்லாதவளிடம் போய்த் துணி வாங்கச் சொல்லாதீர்கள்.

வைகைக்கரை: நான் அம்பது தாண்டியவள், நடுவில் ஒன்று சொல்கிறேன். எங்கள் காலத்தில் பழைய சேலைத் துணி. ஆம்பளை கண்ணில் படக் கூடாது என்று பாவாடைக்கு அடியில் போட்டுக் காயவைப்போம். மேலே இருக்கிற பாவாடை காயும், அடியில் இருக்கிறது காயாது. அதையே எடுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். இப்போது என் மகள் மாடியில் பகல் வெயிலில் வரிசையாகக் கிளிப் போடுகிறாள். என் மாமியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "அந்தப் பக்கம் மரநிழல் விழும்டி, கொடியைத் தள்ளிக் கட்டு" என்றார்.

பிஜிவாசி: உங்கள் மாமியாரை எங்கள் வார்டனாக அனுப்பி வையுங்கள், அம்மா.

மொட்டைமாடி: சரி, கடை நாப்கினை என்ன செய்கிறீர்கள்? திடக்கழிவு விதிகளின்படி தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருக் குப்பைத்தொட்டியில் அப்படியே விரிந்து கிடக்கும், வெறுங்கையோடு அள்ளுகிறார்கள்.

பிஜிவாசி: நான் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டுத்தான் போடுகிறேன். மற்றவர்கள் செய்யாததற்கு நான் துணிக்கு மாற வேண்டுமா? அப்புறம் தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்கு நின்றோமே, அன்றைக்கு நாப்கினை எதில் நாலு தடவை அலசியிருப்பீர்கள்?

மொட்டைமாடி: அந்தக் கோடையில் நானும் கடை நாப்கின்தான் வாங்கினேன். ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி முதல் அலசல் தண்ணீர் எங்கள் வீட்டில் செம்பருத்திக்குப் போகிறது.

போர்த்தண்ணீர்: நான் கேட்டது கறையைப் பற்றி, நீங்கள் செம்பருத்தி வரை போய்விட்டீர்கள்! ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், பட்டாணி மாதிரி உருண்டு நின்றது. கண்டிஷனரை நிறுத்திவிட்டு, கேன் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். இப்போது தண்ணீர் இறங்குகிறது, விறைப்பும் பாதி போய்விட்டது. கறை போகவில்லை. ஈரத்தோடு உச்சி வெயிலில் போட்டதில் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.

மொட்டைமாடி: வெந்த கறை அவ்வளவுதான் போகும். வாடை இல்லாமல், நன்றாகக் காய்ந்திருந்தால் பயன்படுத்தலாம். பிளீச் மட்டும் போடாதீர்கள், நூல் இற்றுவிடும்.

பிஜிவாசி: ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெயில் வராதபோது இதே இடத்தில் வந்து எழுதுங்கள். நான் படிக்கக் காத்திருப்பேன்.